கேளுங்கள், சொல்கிறோம்: டர்பன் கடற்கரையும் உலக மாநாடுகளும்

போன இதழில், நம் தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரான டர்பனில் நடந்த உலக மாநாடுகளைப் பற்றி நாங்கள் எழுதிய அரைப்பக்கக் குறிப்புக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

● டர்பன் என்றால் கடலில் குளிக்கவும் பன்னி சௌ சாப்பிடவும் வருகிற ஊர். பிரிட்டோரியாவும் கேப்டவுனும் இருக்க, உலகத் தலைவர்களை இங்கே கூட்டிவந்து உட்கார வைப்பானேன்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

அறைகளுக்காக. கடலழகு அப்புறம்தான். கல்யாணம் பேசி முடித்ததும் ‘சம்பந்தி வீட்டாரை எங்கே தங்கவைப்பது?’ என்றுதானே முதல் கவலை? மாநாட்டிலும் அப்படியே. அதிபருக்கு ஒரு தளம் முழுக்க வேண்டும். அமைச்சர், அதிகாரி, பாதுகாவலர், பத்திரிகையாளர் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தரத்தில் அறை வேண்டும். எல்லாம் ஒரே வாரத்தில், மண்டபத்துக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும். தலைநகரங்களில் ஓட்டல்கள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கும்; வருடம் முழுக்க வியாபாரிகள் தங்குவார்கள். கடற்கரை ஊரிலோ ஓட்டல்கள் ஒரே சாலையில் வரிசையாக நிற்கும். சீசன் முடிந்தால் காலியாகவும் நிற்கும். நம் ஊரில் கூட்டம் நெரிவது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை. இங்கே நடந்த பெரிய மாநாடுகளின் தேதிகளைப் பாருங்கள்: மார்ச், ஜூலை, ஆகஸ்ட் கடைசி, நவம்பர். ஒன்றும் அந்த ஆறு வாரத்தில் கைவைக்கவில்லை.

இது ஐரோப்பாவின் பழைய வழக்கம். மொராக்கோவை யார் ஆட்டுவிப்பது என்ற சண்டையை 1906-இல் ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் என்ற கடலோர ஊரில் பேசினார்கள். பாலஸ்தீனத்தையும் சிரியாவையும் பங்கிட்டது 1920 ஏப்ரலில் இத்தாலியின் சான் ரெமோவில். அங்கிருந்து கரையோரமாகவே போனால் ரப்பல்லோ வரும். 1922-இல் ஜெனோவா மாநாட்டுக்கு வந்த ஜெர்மானியரும் ரஷ்யரும் நழுவிப்போய்த் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்ட இடம் அது. விடுமுறை ஊர்களில் நழுவுவதும் சுலபம்.

டர்பனுக்கு அறைகள் முன்பே இருந்தன. தகுந்த மண்டபம்தான் இல்லை. 1997 ஆகஸ்டில் மண்டேலா திறந்துவைத்த சர்வதேச மாநாட்டு மையம் அந்தக் குறையைத் தீர்த்தது. பக்கத்தில் கண்காட்சிக்கூடம், ஒட்டினாற்போல் பெரிய ஓட்டல். சாலைகளை மறித்து வேலி போட்டுவிட்டால் முழு வட்டாரமும் ஒரே வளாகமாகிவிடும். காவல்துறைக்கு வேண்டியது அதுதான். அந்த இடத்தில் முன்பு இருந்தது டர்பன் மத்தியச் சிறை என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்புவதில்லை.

● இதுவரை இங்கே நடந்தவை எவை? பள்ளிக் கட்டுரைக்கு வேண்டும்.
– மாணவன், ஃபீனிக்ஸ்

வரிசையாக எழுதிக்கொள். 1998 ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் அணிசேரா நாடுகளின் 12-ஆவது உச்சிமாநாடு, மண்டேலா தலைமை. காஷ்மீரைப் பற்றி அவர் சொன்ன ஒரு வாக்கியம் இந்தியப் பிரதமர் வாஜ்பாயைச் சங்கடப்படுத்தியது. 1999 நவம்பரில் காமன்வெல்த் தலைவர்கள் வந்தார்கள். உதவியாளர் இல்லாமல் தலைவர்கள் மட்டும் பேசும் ஓய்வுச் சந்திப்புக்கு ஜார்ஜ் நகருக்குப் பறந்தார்கள். 2000 ஜூலையில் எய்ட்ஸ் மாநாடு, 2016-இல் மறுபடியும். 2001-இல் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. 2002 ஜூலை 9 அன்று ஆப்பிரிக்க ஒன்றியம் இங்கேதான் பிறந்தது. முதல் தலைவர் தாபோ எம்பெக்கி. 2011-இல் பருவநிலை மாநாடு. 2013 மார்ச் 26, 27-இல் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா கூடிய பிரிக்ஸ் மாநாடு.

கட்டுரையில் ஒரு வேறுபாட்டை மறக்காதே. எய்ட்ஸ் மாநாடு அரசுகளின் மாநாடு அல்ல. மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் நோயோடு வாழ்பவர்களும் கூடுவது. 2000 மாநாட்டையொட்டி வெளியான டர்பன் பிரகடனத்தில் 5,000-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்டார்கள். எந்த அரசும் கையெழுத்திடவில்லை. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதையே நம் அரசு சந்தேகித்துக்கொண்டிருந்த காலம் அது.

● எல்லாம் ‘டர்பன் பிரகடனம்’ என்றிருக்க, பிரிக்ஸுக்கு மட்டும் ஏன் ‘எத்தெக்வினி பிரகடனம்’?
– வாசகர், டோங்காட்

எத்தெக்வினி என்பது மாநகராட்சியின் பெயர். ஊரின் ஸூலுப் பெயரும் அதுதான். ‘டர்பன் பிரகடனம்’ என்ற பெயர் ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்கு இருந்ததால், குழப்பமும் தவிர்ந்தது. ஐந்து நாட்டு வங்கி ஒன்று தொடங்குவது என்று இங்கே முடிவாயிற்று. முதலீடு எவ்வளவு, தலைமையகம் எங்கே என்பது முடிவாகவில்லை. அது அடுத்த ஆண்டு பிரேசிலின் ஃபோர்ட்டலேஸாவில் தீர்ந்தது: தொடக்க மூலதனம் 5,000 கோடி டாலர், தலைமையகம் ஷாங்காய். ஃபோர்ட்டலேஸாவும் கடற்கரை ஊர்தான்.

● 2011 பருவநிலை மாநாட்டில் கடைசி இரவு இந்திய அமைச்சர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்றும், அவர் சண்டை போட்டார் என்றும் என் மாமா சொல்கிறார். என்ன நடந்தது?
– வாசகி, மெரேபேங்க்

மாமா சொல்வது சரி. அமைச்சர் ஜெயந்தி நடராஜன். சென்னை மாகாண முதல்வராக இருந்த பக்தவத்சலத்தின் பேத்தி. சண்டை ஓரிரு சொற்களுக்காக.

மாநாடு டிசம்பர் 9, வெள்ளி மாலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 11, ஞாயிறு விடிகாலையில். ஏறத்தாழ 36 மணி நேரத் தாமதம். அன்று வரை எந்தப் பருவநிலை மாநாடும் அவ்வளவு இழுத்ததில்லை. 2020-க்குப் பிறகு எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் புதிய ஏற்பாடு வேண்டும் என்றது ஐரோப்பிய ஒன்றியம். அந்த ஏற்பாட்டின் தன்மை என்ன? வரைவில் மூன்று வழிகள் இருந்தன: ஒரு நெறிமுறை, இன்னொரு சட்டக் கருவி, அல்லது ‘சட்டரீதியான விளைவு’. மூன்றாவது இந்தியா கேட்டது. ‘இது எதையும் குறிக்கலாம், ஓட்டை’ என்றது ஐரோப்பா. ‘உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத தாளில் நூற்றிருபது கோடிப் பேருக்காக எப்படிக் கையெழுத்திடுவது?’ என்ற பொருளில் பொங்கினார் ஜெயந்தி நடராஜன்.

மாநாட்டுத் தலைவி, நம் அன்றைய வெளியுறவு அமைச்சர் மைட்டே இன்கோவானா-மஷாபானே, அப்போது செய்தது கவனிக்கத்தக்கது. கூட்டத்தை ஒத்திவைக்கவில்லை. ஒத்திவைத்திருந்தால் பாதிப்பேர் விமானம் ஏறியிருப்பார்கள். இருவரும் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சிறிது இடைவெளி மட்டும் விட்டார். மண்டபத்தின் நடுவிலேயே, நின்றபடி, சுற்றிலும் ஆட்கள் எட்டிப்பார்க்கப் பேசினார்கள். பிரேசில் தூதர் ஃபிகெய்ரெடோ ஒரு சொல்தொடரை எடுத்துக்கொடுத்தார்: ‘சட்ட வலுவுள்ள, ஒப்புக்கொள்ளப்பட்ட விளைவு’. ‘கட்டுப்படுத்தும்’ என்ற சொல் இல்லாததால் இந்தியா ஏற்றது. ‘வலு’ இருந்ததால் ஐரோப்பா ஏற்றது. 2015-க்குள் பேசி முடித்து 2020-இல் நடைமுறைக்குக் கொண்டுவருவது என்ற முடிவு (‘டர்பன் தளம்’ என்று பெயர்) அப்படித்தான் நின்றது. 2015-இன் பாரிஸ் உடன்பாடு அதன் பிள்ளை.

இந்தியா தோற்றதா, ஜெயித்ததா என்று பத்திரிகைகள் அப்போது நிறைய எழுதின. எங்கள் கணக்கில் பெரிய இழப்பு வேறிடத்தில். பணக்கார நாடுகளின் பொறுப்பும் ஏழை நாடுகளின் பொறுப்பும் ஒன்றல்ல என்ற பழைய வாசகம் அந்த முடிவில் நேரடியாக இடம்பெறவில்லை. ‘மூல உடன்படிக்கையின் கீழ்’ (அதாவது 1992-இன் ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையின் கீழ்) என்ற சொற்களுக்குள் அது ஒளிந்துகொண்டிருக்கிறது என்று வாதாட மட்டும் இடம் கிடைத்தது. முடிவின் எண் 1/சி.பி.17. ஒன்றரைப் பக்கம்கூட இராது, படித்துப் பாருங்கள்.

ஒரு சிறு சேதி. முட்டுக்கட்டையைத் தீர்க்க நம்மவர்கள் புகுத்திய ‘இண்டாபா’ முறை, அதாவது ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுகிற மாதிரி ஒவ்வொரு தரப்பும் தன் வரம்பை மனம்விட்டுச் சொல்வது, நான்காண்டு கழித்துப் பாரிஸிலும் பயன்பட்டது. ஸூலுச் சொல்லை அங்கேயும் மாற்றவில்லை.

● கூட்டம் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் சோம்பலா, சூழ்ச்சியா?
– வாசகர், வெருலம்

இரண்டும் கொஞ்சம். ஆனால் முக்கியக் காரணம் வேலை நடக்கும் விதம். வரைவில் யாராவது ஆட்சேபித்த சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். முதல் வாரம் முழுக்க அடைப்புக்குறிகள் பெருகும். இரண்டாம் வாரம் அமைச்சர்கள் வந்து குறைப்பார்கள். கடைசியில் நிற்பவை பணமும் பொறுப்பும் பற்றியவை. அவற்றில் யாரும் முதலில் இறங்கிவரமாட்டார்கள். முதலில் இறங்குபவர் அதிகம் கொடுக்க நேரும்.

வாக்கெடுப்பும் இல்லை. பருவநிலை மாநாடுகளில் வாக்கெடுப்பு விதியையே இன்னும் நாடுகள் ஏற்காததால், யாருமே ஆட்சேபிக்காத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதில் அடிபடுபவை சின்ன நாடுகள். பெரிய நாடு நூறு பேரைக் கொண்டுவந்து எல்லா அறையிலும் ஆள் வைக்கும். மூன்று நான்கு பேரோடு வந்த தீவு நாடு, ஒரே நேரத்தில் நடக்கும் ஆறு கூட்டங்களில் எதை விடுவது என்று தவிக்கும். சனிக்கிழமை விமானச்சீட்டை மாற்றப் பணமும் இராது. கடைசி இரவு எடுக்கும் முடிவில் அவர்கள் நாற்காலி காலி.

● அங்கே தமிழில் பேச முடியுமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

முடியும். ஐ.நா. மாநாடுகளின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானியம். வேறு மொழியில் பேசத் தடையில்லை. ஆனால் அந்த ஆறில் ஒன்றுக்குப் பெயர்த்துச் சொல்ல ஆளைப் பேசுபவரே ஏற்பாடு செய்யவேண்டும். அவர் சொல்வதைக் கேட்டு மற்ற ஐந்து மொழிக்காரர்களும் பெயர்ப்பார்கள்.

பெயர்ப்பாளர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் இருவராக உட்கார்ந்து இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அரபு, சீனக் கூண்டுகளில் வழக்கமாக மூவர். அவர்கள் இரு திசையிலும் பெயர்க்கவேண்டும். ஒரு அமர்வு மூன்று மணி நேரம். அதற்கு மேல் இழுத்தால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிறகு ஆங்கிலம் மட்டும்தான். சிறு குழுக்கூட்டங்களில் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலம் மட்டும்தான். உரையை எழுதி வைத்திருந்தால் முன்கூட்டியே கூண்டுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் வேகமாக வாசிப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. பாதி உரை காற்றில் போகும்.

● 2001 மாநாட்டில் சாதியைப் பற்றிப் பேச விடவில்லை என்கிறார்களே?
– வாசகி, இசிப்பிங்கோ

பேச விட்டார்கள், எழுத விடவில்லை. மண்டபத்துக்கு வெளியே, கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த தொண்டு நிறுவனங்களின் கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த தலித் அமைப்புகள் தப்படித்து ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தன. அவர்கள் கேட்டது ‘தொழிலையும் பிறப்பையும் வைத்துக் காட்டும் பாகுபாடு’ என்ற சொற்கள் அரசுகளின் ஆவணத்தில் வரவேண்டும் என்பது. சாதி என்பது இனம் அல்ல, அது உள்நாட்டு விஷயம், எங்கள் அரசியல் சட்டமே அதைத் தடைசெய்திருக்கிறது என்றது இந்திய அரசு. அந்தச் சொற்கள் இறுதி ஆவணத்தில் இடம்பெறவில்லை.

ஊடகங்களுக்கோ வேறு கதை கிடைத்திருந்தது. இஸ்ரேல் பற்றிய வாசகங்களைக் காட்டி அமெரிக்காவும் இஸ்ரேலும் செப்டம்பர் 3 அன்று வெளியேறின. மாநாடு 8-ஆம் தேதி முடிந்தது. மூன்றாம் நாள் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன. டர்பனை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த ஆண்டே, 2002 ஆகஸ்டில், இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. குழு தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில் ‘பிறப்புவழி’ என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று எழுதிவிட்டது. அந்தச் சொல் 1965 உடன்படிக்கையிலேயே இருக்கிறது. டர்பனில் புதுச் சொல் சேர்க்க முடியாதபோது பழைய சொல்லுக்கு உரை எழுதினார்கள். புலவர்களுக்குத் தெரியாத வித்தையா இது!

● எங்கள் தமிழ்ச் சங்கம் ஐ.நா. கூட்டங்களில் பார்வையாளராக உட்கார என்ன செய்யவேண்டும்?
– சங்கச் செயலாளர், ஓவர்போர்ட்

ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி பெறவேண்டும். கட்டணம் கிடையாது. சங்கம் பதிவாகிக் குறைந்தது இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பதிவுச் சான்று, சட்டதிட்டம், கடைசி வரவுசெலவுக் கணக்கு ஆகியவற்றோடு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் 1 கடைசி நாள். அது அடுத்த ஆண்டுப் பரிசீலனைக்கு. 19 நாடுகள் கொண்ட குழு ஜனவரியிலும் மே மாதத்திலும் கூடிப் பார்க்கும். பொது, சிறப்பு, பட்டியல் என்று மூன்று வகை. உங்களைப் போன்ற சங்கத்துக்குச் சிறப்பு வகைதான் பொருந்தும். கிடைத்த பிறகு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். தவறினால் தகுதியை நிறுத்திவைப்பார்கள்.

பெரும்பாலும் மூன்று இடத்தில் சிக்கும். பதிவுச் சான்றில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர், சட்டதிட்டத்தில் இன்னொரு பெயர் இருப்பது முதலாவது, முன்னதாகவே சரிசெய்துகொள்ளுங்கள். அரசுப் பணம் எவ்வளவு வருகிறது என்பதைத் தெளிவாகக் காட்டாதது இரண்டாவது. மூன்றாவது உங்கள் கையில் இல்லை: குழுவிலுள்ள எந்த நாடும் ஒரு கேள்வி கேட்டால் விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு அமைப்பு 2008-இல் விண்ணப்பித்தது. இந்தியா கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால் தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில்தான். கேள்வி வந்தால் உடனே, சுருக்கமாக, கோபமில்லாமல் பதில் எழுதுங்கள்.

பருவநிலை மாநாட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் செயலகம் வேறு. மண்டப வாசலைத் தாண்டினால் நம் காவல்துறைக்கு அதிகாரமில்லை, ஐ.நா. காவலர்தான். உள்ளே அனுமதியில்லாமல் கோஷமிட்டால் அட்டையைப் பிடுங்கி வெளியே விடுவார்கள். 2011 டிசம்பர் 9 அன்று அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் டர்பனில் பிறந்து, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவராக இருந்த குமி நாயுடுவும் ஒருவர். சொந்த ஊர் என்று விட்டுவிடவில்லை.

● இதெல்லாம் 1994-க்குப் பிறகு வந்த கௌரவம்தானே? அதற்கு முன் நம் ஊரை உலகம் எங்கே கண்டது?
– வாசகர், ஃபீனிக்ஸ்

1946-லேயே கண்டது. அதுவும் நம்மவர்களால்.

அந்த ஜூனில், இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும் சட்டம் வந்தது. கெட்டோ சட்டம் என்று மக்கள் அழைத்தார்கள். ஜூன் 13 அன்று கேல் ஸ்ட்ரீட்டும் உம்பிலோ ரோடும் சந்திக்கும் மூலையில், வெள்ளையர் பகுதியென ஒதுக்கிய காலி நிலத்தில், கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். போராட்டத் தலைவர்களான டாக்டர் மான்ட்டி நாயக்கரும் டாக்டர் கூனமும் சிறை போனார்கள். மொத்தம் ஏறத்தாழ 2,000 பேர். சுதந்திரம் வராத இந்தியா, அந்த மாதமே ஐ.நா.வில் புகார் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தையும் முறித்தது.

‘இது எங்கள் உள்நாட்டு விஷயம்’ என்றார் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முன்னுரையை வரைந்தவர்களில் அவரே ஒருவர்! இதற்கு இந்தியாவின் பதில் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1927-இன் கேப்டவுன் ஒப்பந்தத்திலிருந்து. இரண்டு அரசுகள் ஒப்பந்தம் செய்துகொண்ட விஷயம் எப்படி உள்நாட்டு விஷயமாகும்? அந்த ஒப்பந்தத்தை நடத்திவைக்க இந்தியாவின் முதல் ஏஜென்டாக இங்கே வந்தவர்தான் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அவரை மிதவாதி, வெள்ளையருக்கு வளைந்துகொடுத்தவர் என்று நம் தாத்தாக்கள் ஏசினார்கள். ஏசியதிலும் நியாயம் உண்டு. இந்தியரைத் திருப்பியனுப்பப் பணம் கொடுப்பதும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் தங்குபவர்களை முன்னேற்ற வேண்டும் என்ற ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு அவர் சாஸ்திரி கல்லூரியை எழுப்பினார். பத்தொன்பது ஆண்டு கழித்து அந்தக் காகிதமே ஐ.நா.வில் சாட்சிக்கு வந்தது.

1946 டிசம்பர் 8-இல் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 32, எதிர்ப்பு 15, விலகல் 7. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சபை முடிவுசெய்திருந்தது. 47-இல் அது 32. ஒரே ஒரு நாடு கட்சி மாறியிருந்தால் தோற்றிருக்கும்.

● மொரீஷியஸில் எங்கள் கிராண்ட் பே ஊரை விட்டுவிட்டீர்களே!
– வாசகி, போர்ட் லூயிஸ்

மன்னியுங்கள். 1993-இல் பிரெஞ்சு பேசும் நாடுகளின் உச்சிமாநாடும், 1999 ஏப்ரலில் ஆப்பிரிக்க மனித உரிமை அமைச்சர்களின் முதல் மாநாடும் அங்கேதான். கிராண்ட் பே பிரகடனம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தனி இதழ் வேண்டும்; தகவல் அனுப்புங்கள்.

● வெளியூர் உறவினர் வருகிறார்கள். இந்த இடங்களை ஒரே காலையில் காட்ட முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

தாராளமாக. ஞாயிறு காலை கிளம்புங்கள். சாலை காலியாக இருக்கும். முதலில் கேல் ஸ்ட்ரீட் மூலை. பலகையில் இப்போது மக்வாஸா மபலாலா ஸ்ட்ரீட் என்றிருக்கும்; பழைய பெயரைத் தேடி அலையாதீர்கள். பிறகு வின்டர்டன் வாக்கில் சாஸ்திரி கல்லூரி. ஞாயிறன்று உள்ளே போக முடியாது, வாசலிலிருந்து பார்க்கலாம். அடுத்து மாநாட்டு மையம். முன்வாசலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்; வால்நட் ரோடு பக்கம் சுற்றிவந்தால்தான் மிஞ்சியிருக்கிற பழைய சிறைச்சுவரும், அதில் மனித உரிமைகளைப் பற்றித் தீட்டிய ஓவியமும் கண்ணில் படும். கடைசியாக வடக்கே, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தொடக்க விழா நடந்த கிங்ஸ் பார்க் மைதானம். அங்கிருந்து கடற்கரை ஐந்து நிமிடம். குழந்தைகளுக்கு மாற்றுத்துணி எடுத்துப் போங்கள்.